கேலரியில் எத்தனை பேர் என்று யார் சொல்வது?

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை கால்பந்து அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில், நின்று பார்க்கும் பகுதிக்கு மட்டும் 10,100 டிக்கெட்டுகள் தரப்பட்டிருந்தன. அத்தனை பேரும் உள்ளே போக இருந்தவை ஏழு சுழல் கதவுகள். ஒரு சுழல் கதவில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் கொள்ளக் கூடாது என்கிறது பிரிட்டனில் இன்று நடைமுறையில் உள்ள மைதானப் பாதுகாப்புக் கையேடு. அப்படிப் பார்த்தால், ஏழு கதவுகளும் ஒரு நொடிகூட நிற்காமல் சுழன்றாலும் அந்தக் கூட்டம் உள்ளே போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு பென்சிலும் துண்டுத்தாளும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு இது. அன்றைக்கு அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஆட்டம் மூன்று மணிக்கு. வெளியே நெரிசல் மூச்சுமுட்டும் அளவுக்குப் போனதும், 2.52க்கு வெளியேறும் வாயில் ஒன்றைத் திறந்துவிடும்படி போலீஸ் அதிகாரி உத்தரவிட்டார். சுமார் 2,000 பேர் உள்ளே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை எதிரே தெரிந்த சுரங்கப்பாதை, ஏற்கெனவே நிரம்பியிருந்த, வேலியிட்டுப் பிரித்த நடுக்கூண்டுகளுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. முன்னால் இரும்பு வேலி, பின்னால் அலையலையாக ஆட்கள். அன்றைய காயங்களால் உயிரிழந்தவர்கள் மொத்தம் 97 பேர். கடைசி மரணம் நிகழ்ந்தது 2021இல்.

இத்தனைக்கும் ஹில்ஸ்பரோ மைதானத்துக்குச் சட்டப்படி பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. 1979இல் தரப்பட்ட சான்றிதழ் அது. அதன்பின் கேலரியின் அமைப்பே மாறியது. தடுப்புகள் புதிதாக முளைத்தன, கூண்டுகள் பிரிக்கப்பட்டன. சான்றிதழில் எழுதிய எண்ணிக்கையை மட்டும் யாரும் திருத்தவில்லை. பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்கான சட்டம் எதுவானாலும் அதில் முதலில் தேட வேண்டிய பதில் இதுதான்: எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்பவர் யார், ‘இதற்கு மேல் கூடாது’ என்று அவர் சொன்னால் அமைப்பாளர் கேட்டே ஆக வேண்டுமா?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை. பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று நடந்தது அதைத்தான் காட்டியது. முந்தின இரவு அகமதாபாத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி முதல்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் காலையிலேயே வெற்றி ஊர்வலம் பற்றிய அறிவிப்பு சமூக ஊடகத்தில் வந்துவிட்டது. சின்னசாமி மைதானத்தில் சுமார் 35,000 பேர்தான் உட்கார முடியும். சுற்றுப்புறத்தில் திரண்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். இலவச பாஸ் உண்டு என்ற தகவல் பிற்பகலில்தான் பரவியது. பாஸ் யாருக்கு, எந்த வாயிலில் என்று தெரியாமலே எல்லா வாயிலிலும் கூட்டம் முட்டி மோதியது. 11 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒரு பள்ளி மாணவியும் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போயிருந்த இளம்பெண் ஒருவரும் இருந்தார்.

அடுத்து நடந்தவை நமக்குப் பழகிப்போன காட்சிகள். நகரின் போலீஸ் கமிஷனர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அணி நிர்வாகத்தில் ஒருவர் கைதானார். முறைப்படி அனுமதி பெறவே இல்லை என்று மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. கூட்டம் சேர்ந்ததற்கு அணியே பொறுப்பு என்று கருத வேண்டியிருக்கிறது, போலீஸ்காரர்கள் கடவுளோ மந்திரவாதிகளோ இல்லை என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் ஜூலையில் கூறியது. நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா விசாரணை ஆணையம், பெருங்கூட்டம் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானமே ஏற்றதில்லை என்றது. உண்மைதான், ஏற்றதில்லை. ஆனால் பல்லாண்டுகளாக அங்கே ஆட்டங்கள் நடந்துவந்தபோது அதைச் சொல்லும் கடமை யாருக்கு இருந்தது? 11 பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு அதிகாரி, சட்டத்தில் எங்கே இருந்தார்?

பிரிட்டன் இந்தப் பாடத்தைக் கற்ற விதமும் பெருமைப்படத்தக்கதில்லை. 1946இல் போல்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். மைதானங்களுக்கு உரிமம் கட்டாயமாக வேண்டும் என்று அப்போதே விசாரணை அறிக்கை சொன்னது. அது கோப்பிலேயே கிடந்தது. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்த பிறகே, 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு ஓட்டை. பெரிய அணிகளின் மைதானங்களை மட்டுமே முதலில் அது கட்டுப்படுத்தியது. கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பிராட்ஃபோர்டு அணியின் மர கேலரிக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. பலகைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தது. 1985 மே 11 அன்று, அணி மேல்பிரிவுக்கு உயர்ந்ததைக் கொண்டாட வந்திருந்தவர்களில் 56 பேர் சில நிமிடங்களில் தீக்கிரையானார்கள். பின்னால் இருந்த வெளிவாயில்கள் பூட்டிக் கிடந்தன. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி லார்டு டெய்லர் எழுதிய அறிக்கை, கால்பந்து மைதானக் கூட்டப் பாதுகாப்பைப் பற்றி அந்த நாட்டில் வெளிவந்த ஒன்பதாவது அரசு அறிக்கை. அதை அவரே வேதனையோடு குறிப்பிட்டிருக்கிறார்.

ஒன்பதாவது அறிக்கைக்குப் பிறகு உருவான ஏற்பாடு கூர்ந்து பார்க்கத் தக்கது. சான்றிதழ் தருவது உள்ளாட்சி மன்றம். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று மேலிருந்து கண்காணிக்கத் தனி ஆணையம். முதலில் சொன்ன, ‘கிரீன் கைடு’ எனப்படும் மைதானப் பாதுகாப்புக் கையேட்டில் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று கட்டடத்தின் நிலைக்கு, மற்றது பாதுகாப்பு நிர்வாகத்தின் தரத்துக்கு. இரண்டும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. இவற்றில் எது குறைவோ அதனால் பெருக்கித்தான் கேலரியின் கொள்ளளவு முடிவாகும். 10,000 பேருக்கு இடமுள்ள கேலரியில், பணியாளர்களுக்குப் பயிற்சி போதாமல் நிர்வாகத்துக்கு 0.6 மதிப்பெண் கிடைத்தால், 6,000 டிக்கெட்டுதான் விற்கலாம். மீதி 4,000 இருக்கைகள் காலி. கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பலனில்லை. அலட்சியத்துக்கான விலையைக் கழக முதலாளி அன்றைக்கே, தன் கல்லாவிலிருந்தே கொடுக்கிறார். விபத்துக்குப் பிறகு போடும் எந்த வழக்கையும்விட இந்தப் பெருக்கல் வலுவானது. நம் நாட்டுக்கு உடனே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுக்கும் அதிகாரம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானம் சாட்சி. 2022 அக்டோபர் 1 அன்று அங்கே நடந்த கால்பந்து ஆட்டத்துக்கு 38,000 பேர்தான் வரலாம் என்று கணக்கு. அச்சான டிக்கெட் 42,000. இரவு ஆட்டம் வேண்டாம், பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று போலீசே கேட்டுக்கொண்டது. போட்டி அமைப்பாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்து ரசிகர்கள் களத்தில் இறங்கியதும் அதே போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. மைதானத்துக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது என்கிறது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. கூட்டமைப்பின் விதி போலீசைக் கட்டுப்படுத்தாது. நாட்டின் சட்டமே கட்டுப்படுத்தும். குறுகிய வாயில்களில் சிக்கி 135 பேர் இறந்தார்கள்.

இதே உலகில், பெரிய போட்டிகளுக்கான இன்னொரு வகைச் சட்டம் வியக்கத்தக்க வேகத்தில் பிறக்கிறது. 2005 ஜூலையில் ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்பு லண்டனுக்குக் கிடைத்தது. 2006 மார்ச்சிலேயே அதற்கான தனிச் சட்டம் நிறைவேறிவிட்டது. போக்குவரத்து, கட்டுமானம் எனத் தேவையான பல பிரிவுகள் அதில் உண்டு. அவற்றோடு, ஸ்பான்சர் அல்லாத எந்த வியாபாரியும் விளம்பரத்தில் ‘2012’, ‘தங்கம்’, ‘லண்டன்’, ‘கோடை’ போன்ற சொற்களைச் சேர்த்துப் போட்டால் சிக்கல் வரலாம் என்ற அளவுக்கு நுணுக்கமான பட்டியலும் இருந்தது. ஸ்பான்சரின் உரிமையைக் காக்க ஒன்பது மாதம் போதும். ரசிகரின் உயிரைக் காக்க போல்டனிலிருந்து 29 ஆண்டுகள் ஆனது, அதுவும் அதே நாடாளுமன்றத்தில்.

உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்த வாய்ப்புப் பெற்ற பிரேசில் இன்னும் ஒரு படி இறங்கிப் போனது. ரசிகர்களிடையே வன்முறையைத் தடுக்க மைதானங்களில் மது விற்பனைக்கு அங்கே தடை இருந்தது. ஒரு பீர் நிறுவனம் ஃபிஃபாவின் ஸ்பான்சர். பீர் விற்றே ஆக வேண்டும் என்று ஃபிஃபா பிடிவாதம் பிடித்தது. 2012இல் நிறைவேறிய உலகக் கோப்பைப் பொதுச் சட்டம் அந்தத் தடையைப் போட்டிக் காலத்துக்கு நிறுத்திவைத்தது. மைதானத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வரை வியாபாரத்தைக் கட்டுப்படுத்தவும் அதே சட்டம் வழி செய்தது. சால்வதோர் நகரில், காராமணியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்து விற்கும் ‘அக்கரஜே’ பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தலைமுறை தலைமுறையாக அந்த நகரின் மைதான வாசலில் உட்கார்ந்தவர்கள். தங்கள் ஊரின் உலகக் கோப்பையில் வடை விற்க அவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி, தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கடைசியில் ஆறு பேருக்கு அனுமதி கிடைத்தது.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு வருகின்றன. 2036 ஒலிம்பிக்கையும் நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கான தனிச் சட்டமும் ஒருநாள் வரத்தான் போகிறது. முத்திரை, விளம்பரம், ஒளிபரப்பு என்று ஸ்பான்சர்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வழக்கறிஞர் படையே வரும். பார்வையாளருக்காக வாதாட யார் வருவார்கள்? 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சங்கத் தேர்தல், வாரியம், தீர்ப்பாயம் பற்றியெல்லாம் பேசுகிறது. அவை தேவையானவைதான். கேலரியில் உட்காருபவரின் பாதுகாப்பு அதன் வேலையாக இல்லை.

கர்நாடகம் அதே மாதம் கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைப் பேரவையில் வைத்தது. மசோதா குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. முன்அனுமதி வாங்காத அமைப்பாளருக்குக் கடும் தண்டனை என்கிறது அது. அந்த அக்கறை வரவேற்கத்தக்கது. ஆனால் அனுமதி தரும் பொறுப்பைக் கூட்டத்தின் அளவுக்கேற்ப வெவ்வேறு நிலைப் போலீஸ் அதிகாரிகளிடமே அது விடுகிறது. முதல்வரும் அமைச்சர்களும் மேடையேறக் காத்திருக்கும் விழாவுக்கு எந்தப் போலீஸ் அதிகாரி ‘முடியாது’ என்பார்? சொல்லாவிட்டால் பிறகு இடைநீக்கம், சொன்னால் உடனே இடமாற்றம் என்ற நிலையில் அவரை நிறுத்துவது நியாயமில்லை.

இங்கே யாரும் எதற்கும் கட்டுப்பட மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் சேப்பாக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 2011 உலகக் கோப்பையை ஒட்டி அங்கே எழுந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள், கட்டட அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. கிட்டத்தட்ட 12,000 இருக்கைகள். தோனி ஆடிய ஐபிஎல் ஆட்டங்களில், டிக்கெட் கிடைக்காமல் ரசிகர்கள் வாலாஜா சாலையில் அல்லாடியபோதும் அவை காலியாகவே இருந்தன. விதி உறுதியாக இருந்தால் கிரிக்கெட்டும் கட்டுப்படும். ஜல்லிக்கட்டும் அப்படித்தான். 2017இல் சட்டத் திருத்தமும் விதிகளும் வந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை பார்த்துச் சான்று தரும் பார்வையாளர் மேடை, மாடுகளுக்கும் வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. காயங்கள் இன்னும் நேர்கின்றன, உயிரிழப்பும் உண்டு. ஆனாலும் அலங்காநல்லூரில் தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

ஒரு கிராமத்து வாடிவாசலுக்கு எழுத முடிந்ததை ஐபிஎல் மைதானத்துக்கு எழுத முடியாதா? அகமதாபாத்துக்கான சட்டம் வரும்போது, முத்திரை, விளம்பரப் பிரிவுகளுக்கு முன்பாகப் பார்வையாளர் பாதுகாப்பு அத்தியாயம் இடம்பெற வேண்டும். போலீசையும் அமைப்பாளரையும் சாராத ஒரு சான்றளிக்கும் அமைப்பு, ஒவ்வொரு கேலரிக்கும் தனித்தனியாக எண்ணிக்கை குறித்து, ஆண்டுதோறும் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். வெற்றி விழா, பாராட்டு விழா என்று எந்தப் பெயரில் கூட்டம் கூட்டினாலும் அதே எண்ணிக்கைதான் செல்லுபடியாக வேண்டும். இலவச பாஸும் டிக்கெட்டாகவே எண்ணப்பட வேண்டும். சான்றிதழின் நகல் ஒவ்வொரு வாயிலிலும், அந்த ஊர் மொழியில், பெரிய எழுத்தில் தொங்க வேண்டும்: இந்த வாயில் வழியே இத்தனை பேர், இதற்குப் பொறுப்பு இன்னார், அவருடைய தொலைபேசி எண் இது.