பூட்டு பத்திரமா இருக்கு, பொருள்தான் இல்ல

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு வயித்தெரிச்சல் பதிவு. பிக்கப் டிரக்குக்குப் பின்னாடி, திறந்த தொட்டியில, கேபினை ஒட்டிக் குறுக்கால பளபளன்னு ஒரு அலுமினியப் பெட்டி உக்காந்திருக்குமே, அதைப் பத்தினது. ஊர்ல இருந்து படிக்கிற மக்களுக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரமா தோணலாம். கொஞ்சம் பொறுமையா படிங்க, கடைசியில இது கூலிக்காரனோட திங்கக்கிழமையைப் பத்தின விஷயம்னு புரியும்.

இங்க ஹூஸ்டன்ல பிக்கப் வச்சிருக்கவங்க ரெண்டு சாதி. ஒண்ணு, நம்மள மாதிரி பொட்டி தட்டுற கோஷ்டி. வாரக்கடைசியில செடி, உரமூட்டை, ரெண்டு பலகை ஏத்துறதுக்கு எட்டு சிலிண்டர் வண்டி வாங்குவோம். இன்னொண்ணு, அந்த வண்டியை வச்சே சோறு திங்கிறவங்க. எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், ஏசி மெக்கானிக். அவங்களுக்கு அந்தத் தொட்டிதான் கடை, பட்டறை, ஆபீஸ் எல்லாம்.

இந்த ரெண்டு பேருக்கும் கடையில ஒரே பெட்டியைத்தான் காட்டுறான். அதுலயும் எதைக் காட்டுறான்? பூட்டைக் காட்டுறான். "ரெண்டு பூட்டு சார், ரெண்டு சாவி சார், ஸ்டெயின்லெஸ் சார்." நம்மாளும் சாவியை ரெண்டு தரம் திருகிப் பாத்துட்டு, க்ளிக்னு சத்தம் கேட்டதும் மனசு குளிர்ந்து கார்டை நீட்டிடறான்.

என் கட்சி இதுதான்: டூல்பாக்ஸ் வாங்கும்போது பூட்டைக் கடைசியா பாருங்க. மூடி, கீல், அடியில இருக்கிற போல்ட், இந்த மூணையும் பாத்து முடிச்ச பிறகு பாருங்க. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா அதைக் கொண்டுபோய்த் தென்னங்கீத்துத் தட்டியில மாட்டினா திருடன் பூட்டையா தொடப் போறான்?

சும்மா சொல்லல. எங்க தெருவுல ஒரு ஏசி மெக்கானிக் இருக்கார், எல் சால்வடோர்க்காரர். ஆகஸ்ட் மாசம், வெளிய நூறு டிகிரி ஃபாரன்ஹீட், அவருக்கு மூச்சு விட நேரமில்லாத சீசன். ஒரு காலையில பாத்தா பெட்டியோட மூடி ஒரு மூலையில சுருண்ட அப்பளம் மாதிரி மேல தூக்கி நிக்குது. வேக்குவம் பம்ப் இல்ல, கேஜ் செட் இல்ல, ரெக்கவரி மெஷின் இல்ல. பூட்டு? சும்மா கிண்ணுனு இருக்கு. ஒரு கீறல் இல்ல. சாவி போட்டா திறக்குது, திருப்பினா மூடுது. நெம்புகம்பியை இடுக்குல விட்டு ஒரு அழுத்து, வேலை முடிஞ்சது.

ரெக்கவரி மெஷின் இல்லாம பழைய கேஸை அப்படியே காத்துல விட்டுட்டு வேலையை முடிக்கலாமேன்னு கேக்காதீங்க. அமெரிக்கச் சட்டப்படி அது குத்தம். ஆக மெஷின் திரும்ப வாங்குற வரைக்கும் பாதி வேலை கிடையாது. சீசன் உச்சத்துல நாலு நாள் வீட்டுல உக்காந்திருந்தார் மனுஷன்.

இதைச் சொன்னா நம்ம நண்பர்கள் உடனே நாலு பதில் வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

"இன்சூரன்ஸ் இருக்கும்ல?" இதுதான் நம்பர் ஒன். ஐயா, வண்டி இன்சூரன்ஸ் வண்டிக்கு. வண்டியோட நிரந்தரமா பொருத்தின சாமானுக்குப் பெரும்பாலும் வரும். உள்ள இருக்கிற டிரில்லிங் மெஷினுக்கு வராது. வீட்டு இன்சூரன்ஸ் வெளிய திருடு போன சொந்தச் சாமானுக்கு உதவும், ஆனா முதல்ல நம்ம கைக்காசு ஒரு தொகை போன பிறகுதான் ஆரம்பிக்கும். அதுலயும் தொழிலுக்கு வச்சிருக்கிற கருவின்னா, வீட்டை விட்டு வெளிய இருக்கும்போது உச்சவரம்பு போட்டுக் குறைச்சிடுவான், இல்ல கையை விரிச்சிடுவான். தொழில் கருவிக்குன்னே தனியா ஒரு பாலிசி இருக்கு. அது இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது, நம்ம தெரு மெக்கானிக்குக்கும் தெரியாது. உங்க பாலிசியை எடுத்து ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் எனக்குப் பாடம் எடுங்க.

"ராத்திரி எல்லாத்தையும் வீட்டுக்குள்ள எடுத்து வச்சுக்கணும்." கராஜ் இருக்கவன் சொல்ற பேச்சு. மூணாவது மாடி அபார்ட்மெண்ட்ல இருக்கவன், பதினாலு மணி நேரம் வேலை பாத்துட்டு வந்து, கம்ப்ரசரைத் தோள்ல போட்டு மாடி ஏறணுமா? அப்படியே ஏத்தினாலும், பகல்ல அவன் கூரை மேல நிக்கும்போது வண்டி கீழ தெருவுலதானே நிக்குது?

"திருடனுக்குப் பூட்டா? பூட்டு நல்லவனுக்குத்தான்." கேக்கத் தத்துவம் மாதிரி இருக்கும். கையில பேட்டரி கிரைண்டர் இருந்தா எந்தப் பெட்டியையும் அறுக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா கிரைண்டர் ஊருக்கே கேக்கும், பொறி பறக்கும், நேரம் எடுக்கும். மெல்லிசு மூடியை நெம்ப அதுல எதுவும் வேண்டாம். பெட்டி விக்கிறவன் நமக்கு விக்கிறது அந்த நேரத்தையும் சத்தத்தையும்தான். அந்த ரெண்டும் இல்லாத பெட்டிக்கு எதுக்குங்க காசு?

"நல்ல பெட்டி விலை ஜாஸ்தி." ஆமா, ஜாஸ்திதான். சாதாரணப் பெட்டி சில நூறு டாலர்ல கிடைக்குது, கெட்டியானது ஆயிரத்தைத் தாண்டிப் போகுது. ஆனா உள்ள வைக்கப்போற சாமானோட விலையைக் கூட்டிப் பாத்துட்டுப் பேசுங்க. அது கூட வேண்டாம், வேலை இல்லாம உக்கார்ற ஒரு வாரத்தோட கூலியைக் கணக்கு போடுங்க.

சரி, திட்டினது போதும், என்ன பாக்கணும்னும் சொல்லிடறேன். இல்லைன்னா வெறும் வாய்ச்சவடால்னு சொல்லிடுவீங்க :-)

1. மூடி. கடையில இருக்கும்போதே பெட்டியைப் பூட்டச் சொல்லுங்க. ஒரு மூலையில ரெண்டு கை விரலையும் கொடுத்து மேல இழுங்க. விரல் உள்ள போச்சுன்னா கடப்பாரையும் போகும். அவ்ளோதான் பரீட்சை. மூடியோட விளிம்பு மடிஞ்சு பெட்டியோட வாய்க்குக் கீழ இறங்கி நிக்கணும், இடுக்கே வெளிய தெரியக்கூடாது. மூடிக்குள்ள பட்டை வச்சு விறைப்பாக்கியிருக்கானான்னு தட்டிப் பாருங்க. நடுவுல ஒரே ஒரு தாழ்ப்பாள் இருந்தா ரெண்டு மூலையும் அநாதை. ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழணும்.

2. தகடு. அந்த வைர வடிவப் புடைப்பு இருக்கே, அது முதல்ல கால் வழுக்காம இருக்க தரைக்கும் படிக்கும் போட்ட தகடு. அழகுக்குப் பெட்டிக்கு வந்துடுச்சு. புடைப்பைப் பாத்து கெட்டின்னு நம்பாதீங்க, அடித்தகட்டோட கனம் எவ்ளோன்னு கேளுங்க. அலுமினியம் துருப்பிடிக்காது, எடை இரும்புல மூணுல ஒரு பங்கு. எல்லாம் நல்லதுதான். ஆனா ஒரே கனத்துல இரும்புத் தகடு வளைய எடுக்கிற பலத்துல மூணுல ஒரு பங்கே அலுமினியத்துக்குப் போதும். இரும்புன்னா கேஜ் நம்பர் கேளுங்க. நம்பர் ஏற ஏற தகடு மெல்லிசு. 14 கேஜ் கிட்டத்தட்ட 1.9 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 தான். "ஹெவி ட்யூட்டி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டு நம்பர் எழுதாதவன்கிட்ட எதுக்கு வாங்கணும்?

3. கைப்பிடி, கீல். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற டி வடிவக் கைப்பிடி திருடனுக்கு நாமளே கொடுக்கிற நெம்புகோல். ஒரு பைப்பை மாட்டித் திருகினா உள்ள இருக்கிற சின்ன இரும்புத்துண்டு எவ்ளோ நேரம் தாங்கும்? பள்ளத்துக்குள்ள அமுங்கி இருக்கிற பிடியா பாருங்க. கீல் நீளத்துக்கும் உள்பக்கமா ஓடணும். வெளிய தெரியுற கீலோட ஆணியைத் தட்டிட்டா பூட்டின மூடி பின்பக்கமா திறந்துக்கும்.

4. அடி. இதைத்தான் யாரும் பாக்கறதே இல்ல. பல குறுக்குப்பெட்டிகள் ஓட்டை போடாம, கொக்கி மாதிரி வளைஞ்ச போல்ட்டால தொட்டியோட விளிம்பைக் கவ்விக்கிட்டு நிக்குது. பத்து நிமிஷத்துல மாட்டிடலாம்னு விளம்பரம் வேற. பத்து நிமிஷத்துல நாம மாட்டினது கழட்ட எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிங்க. நட்டு பெட்டிக்குள்ள இருக்கணும், பூட்டைத் திறக்காம அதைத் தொட முடியக்கூடாது. முடிஞ்சா தொட்டியில துளை போட்டு, அடியில கனமான இரும்புப் பட்டை வச்சு போல்ட் போடுங்க. ஒரு எச்சரிக்கை: 2015 மாடல்லேருந்து ஃபோர்டு எஃப்-150 தொட்டி அலுமினியம். அதுல வெறும் இரும்பை நேரா வச்சா ஈரம் பட்டு ரெண்டு உலோகமும் சண்டை போட்டு அரிச்சிடும், நடுவுல ரப்பர் பட்டை அவசியம்.

5. கடைசியா பூட்டு. அதோட முகத்துல ஒரு நம்பர் குத்தியிருந்தா உஷார். பல பெட்டிகளுக்கு அந்த நம்பரைச் சொன்னாலே மாத்துச் சாவி விலைக்குக் கிடைக்கும். அமெரிக்க கேம்பர் வண்டிகள்ல சி.எச்.751-னு ஒரே சாவி எத்தனையோ வண்டிக்குப் பொருந்தும்னு ஊருக்கே தெரியும். நம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டு, பூட்டு மேல இருக்கிறதை அராவி அழிச்சிடுங்க.

இன்னும் ஒண்ணு, இதுக்குக் காசே வேண்டாம். ஒவ்வொரு கருவியோட சீரியல் நம்பரையும் போன்ல படம் எடுத்து வைங்க. திருட்டுப் பொருள்னு போலீஸ் தேசிய அளவுல பதிவு பண்ண அந்த நம்பர் வேணும். "மஞ்ச கலர் டிரில்லிங் மெஷின்"னு புகார் குடுத்தா அவங்க எந்த மஞ்சளைத் தேடுவாங்க?

வண்டிக் கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெரியாததில்ல. ஹோண்டா ரிட்ஜ்லைன் 2006 மாடல்லயே தொட்டியோட தரைக்கு அடியில பூட்டுற அறை வச்சது. ராம் 2009 மாடல்ல தொட்டிச் சுவத்துக்குள்ளயே பெட்டி வச்சது. வண்டியோட உடம்புல இருக்கிற பெட்டியை யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? அதுலயும் குறை உண்டு. ரிட்ஜ்லைன்ல மேல மணல் கொட்டியிருந்தா கீழ இருக்கிற அறையைத் திறக்க முடியாது. ஆனா யோசனை சரியான இடத்துல ஆரம்பிச்சிருக்கு: பெட்டி முதல்ல அசையாம நிக்கணும், அப்புறம்தான் பூட்டு.

எனக்கு நிஜமாவே கோபம் நம்ம கோஷ்டி மேலதான். வருஷத்துக்கு நாலு தடவை திறக்கிற பெட்டியை, வண்டிக்கு எடுப்பா இருக்குன்னு நாம வாங்குறோம். பளபளப்புக்குக் காசு குடுக்கிறோம், கனத்தைக் கேக்கிறதில்ல. நாம கேக்காததால விக்கிறவனும் எழுதறதில்ல. கடைசியில அதே பெட்டியை, அதே ஸ்டிக்கரை நம்பி, வீட்டுல மூணு குழந்தை வச்சிருக்க ஒரு மெக்கானிக் வாங்கிட்டுப் போறான். நமக்குப் போனா ஒரு கோடாலியும் கயிறும் போகும். அவனுக்குப் போறது திங்கக்கிழமை.

அதனால அடுத்த தடவை கடைக்குப் போனா வெக்கப்படாம மூடியை இழுத்துப் பாருங்க, தகடு கனத்தைக் கேளுங்க, குனிஞ்சு அடியைப் பாருங்க. விக்கிறவன் முறைச்சா முறைக்கட்டும். பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்குப் பதில் தயாரா வச்சிருப்பான்.

டிஸ்கி: எந்தக் கம்பெனிகிட்டயும் காசு வாங்கல. குடுத்தா வாங்கி நல்ல பெட்டி வாங்கிக்குவேன் :-)