மனந்திரும்பினால் மட்டும் போதுமா?

சாம்பல் புதனன்று காலைத் திருப்பலி முடிந்து நேராக அலுவலகம் போயிருந்தேன். நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது. பக்கத்து மேசைத் தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, நீங்களும் விபூதி பூச ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். தவக்காலம் தொடங்குகிறது, மனமாற்றத்தின் அடையாளமாக இதைப் பூசுகிறார்கள் என்று விளக்கினேன். "மதமாற்றமா?" என்றார் குறும்பாக.

ஓரெழுத்துதான் வித்தியாசம். நம் ஊரில் கிறிஸ்தவர் ஒருவர் இந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர் காதில் இரண்டாவதுதான் விழுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்களிலேயே பலர், ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு அந்த வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி அதோடு விடவில்லை. "தப்பு செஞ்சிட்டு ஃபாதர்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதாண்ணே? யாருக்குத் தப்பு செஞ்சோமோ அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அதற்குரிய பதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்று வாய் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பதில் லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரிகோ நகரில் சக்கேயு என்றொரு தலைமை வரிதண்டுபவர். ரோமாபுரிக்கு வரி வசூலித்து, தனக்கும் சேர்த்துச் சுருட்டியவர். குள்ளமானவர் என்பதால் இயேசுவைப் பார்க்க அத்தி மரத்தில் ஏறிய கதை ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கும் தெரியும். மரமேறியதைப் பாடி ஆடுகிறோம். இறங்கிய பிறகு நடந்ததைத்தான் மெல்லக் கடந்துவிடுகிறோம். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுந்து நின்று சொல்கிறார். இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகு.

நான்கு மடங்கு என்பது பெரிய தண்டனைக் கணக்கு. ஒருவன் ஆட்டைத் திருடி விற்றுவிட்டால் நான்கு ஆடு தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவனுக்கு அவ்வளவு இல்லை; எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வைத்தால் போதும். சக்கேயு தனக்குத்தானே திருடனுக்குரிய கணக்கைப் போட்டுக்கொண்டார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் பத்தியும் இதையே சொல்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும். பாவத்தால் உண்டான சேதத்தை அது சீராக்கிவிடாது. எபிரேய மொழியில் மனந்திரும்புதலுக்கான சொல்லே 'திரும்பி வருதல்' என்று பொருள்படுவது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'மனந்திரும்புங்கள்' என்று போட்டது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அந்தத் திரும்பல் ஒரே நாளில் நடப்பதில்லை. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748 மார்ச் மாதம் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய கப்பலில் அவர் கடவுளை அழைத்தார், மனம் மாறினார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். பாதிக் கதைதான் அது. அதன் பிறகும் அவர் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களில் வேலை செய்தார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்கு அவரே கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்துவார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். அவர் கடலை விட்டதற்குக் காரணம்கூட உடல்நலக் குறைவுதான். 1764இல் குருவானார், 1772இல் அந்தப் பாடலை எழுதினார். அடிமை வணிகத்தைக் கண்டித்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் சிறுநூல் வெளியிட்டது 1788இல். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள். தன் ஒப்புதல் தாமதமாக வருகிறது என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். பின்னர் நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சி சொன்னார். பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டின் கடைசியில்தான் இறந்தார்.

புயலில் அவர் அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை. கடவுளைப் பார்த்துத் திரும்பியவருக்கு, கீழ்த்தளத்தில் கிடந்தவர்களைப் பார்க்கத் திரும்ப 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அவரைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அம்மா இறந்தபோது வந்தவர்கள் கொடுத்த பணம் என் கையில்தான் இருந்தது. செலவு போக 4,600 வெள்ளி மிச்சம். பாதி அக்காவுடையது. கார் முன்பணத்துக்கு அதைப் போட்டுவிட்டேன். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். எல்லாம் செலவாகிவிட்டது என்றேன். பிறகு கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தவக்காலந்தோறும் ஒப்புரவுக்குப் போய், 'பொய் சொன்னேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவேன். யாரிடம், எவ்வளவு என்று சொன்னதே இல்லை. மன்னிப்பு கிடைத்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, அதே காரை நிறுத்துவேன்.

தம்பி கேள்வி கேட்ட அந்த வாரச் சனிக்கிழமை, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 2,760 வெள்ளியை உறையில் போட்டேன். இணைய வங்கியில் அனுப்பினால் இரண்டு நிமிட வேலை, முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே கோலாலம்பூரிலிருந்து தைப்பிங்குக்குக் காரை எடுத்தேன்.

அக்கா உறையைத் திறந்து பார்த்தார், எண்ணவில்லை. "அம்மா காரியத்துல மிஞ்சினதா?"

"ஆமாக்கா. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த வருஷந்தான் பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்னு அம்மாவோட வளையல அடகு வெச்சேன். மீட்க முடியல, மூழ்கிப்போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கலக்கச் சமையலறைக்குப் போனார்.

மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வளையலுக்கு எத்தனை மடங்கு ஈடு என்று எந்தக் கணக்கிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் தைப்பிங் போகிறேன்.