பூசி மறைத்த துரு

தமிழ்ச் சங்க இதழில் துருவைப் பற்றி எழுதுவதா என்று இலக்கியம் பயிலும் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் சங்கத்தில் பொறியியல் மாணவர்கள் சிலர் அல்லர், பலர். வாரத்தில் ஒரு பிற்பகல் முழுவதையும் பட்டறையில் கழிப்பவர்கள். அங்கே நாம் வாரந்தோறும் கண்டும் காணாமலும் விடுகிற ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பொய்யின் நிறம் சாம்பல். சென்ற ஆகஸ்டில் பார்வைக் குழு வருகிறது என்ற செய்தி வந்ததும், கடைசல் எந்திரங்கள், துளையிடும் எந்திரங்கள், மேசைகளில் பொருத்திய வைஸ்கள் எல்லாவற்றுக்கும் இரண்டே நாளில் வண்ணம் பூசி முடித்தார்கள். துருவைச் சுரண்டினார்களா? இல்லை. எண்ணெய்ப் பிசுக்கையாவது துடைத்தார்களா? அதுவும் இல்லை. குழுவினர் வந்தனர், பார்த்தனர், தலையசைத்தனர், சென்றனர். தீபாவளி வருமுன் வைஸ்களின் மேல் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் தட்டினால் வண்ணம் ஓடு ஓடாகப் பெயர்கிறது. அடியிலே முன்னைவிடச் செழிப்பாகத் துரு!

இதில் வியப்பு ஒன்றுமில்லை. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அதற்கே கவசமாகிறது. இரும்பின் துருவோ பஞ்சு போன்றது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கீழே உள்ள இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். தின்ற இரும்பு இருந்த இடத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடம் துருவுக்கு வேண்டும். ஆகவே மேலே எத்துணை விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும் அதைத் தூக்கி எறிந்துவிடும். அதிலும் ஆகஸ்டு மாதத்தில்! கங்கைச் சமவெளியின் மழைக்காலத்தில் நாம் துவைத்துப் போட்ட போர்வையே நான்கு நாள் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் வண்ணம் பூசலாகாது. பூசப்படும் உலோகம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருத்தல் வேண்டும். இவை வண்ணத் தொழிலில் எவரும் அறிந்த விதிகள். வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள். வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தூரம் இருநூறு அடிதான். விதிகள் அதைக் கடந்து வரவில்லை.

துருவை மூடியது பாதிக் குற்றம். மூடக்கூடாதவற்றை மூடியது மறுபாதி. துளையிடும் எந்திரம் ஒன்றில் எண்ணெய் விடும் துளை வண்ணத்தால் அடைபட்டு, பேரிங்கு வறண்டு கீச்சிடுகிறது. கைச்சக்கரத்தின் அளவுக் கோடுகள் மறைந்துபோனமையால் முதலாண்டு மாணவர் அவற்றை விரலால் தடவித் தேடுகிறார். கடைசல் எந்திரத்தின் தேய்த்து மெருகிட்ட படுகையிலும் சாம்பல் துளிகள்! அந்த இடத்துக்குக் காப்பு எண்ணெய்தானே ஒழிய வண்ணமன்று.

பட்டறை மிஸ்திரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவரிடம் கேட்டேன். “இரண்டு நாளும் இரண்டு டப்பாவும் கொடுத்தார்கள். இதற்குமேல் என்ன செய்ய? குழு வண்ணத்தைத்தானே பார்க்கும், வைஸைக் கழற்றியா பார்க்கும்?” என்றார். செப்டம்பர் 17-ஆம் நாள் விசுவகர்மா பூசைக்கு அவர் தம் சொந்தக் கருவிப்பெட்டியை எப்படி வைத்திருந்தார் என்று பார்த்தவர்கள் அறிவார்கள். நம் ஊர் ஆயுத பூசையை நினைவூட்டியது அது. ஒவ்வோர் அரமும் துடைத்து எண்ணெயிட்டு மின்னியது. தெரியாதவர் அல்லர் அவர், நேரம் கொடுக்கப்படாதவர்.

எனவே அவர் இசைவைப் பெற்று, நவம்பரில் நானும் விடுதி நண்பர்கள் இருவரும் ஒரே ஒரு வைஸைக் கழற்றினோம். மண்ணெண்ணெயில் கழுவிப் பிசுக்கை நீக்குவதற்கே ஒரு பிற்பகல் ஆயிற்று. அதற்கு முன் கம்பி பிரஷைத் தொட்டால் எண்ணெயைத் துருவுக்குள் தேய்த்து ஏற்றுவோம், அவ்வளவுதான். திருகையும் கைப்பிடியையும் சலவைச் சோடா கரைத்த நீரில் தொங்கவிட்டு, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அவற்றோடும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைத்தோம். மறுநாள் துரு கருஞ்சேறாகிக் கையோடு வந்துவிட்டது. இதைச் செய்ய விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள்: நேர்முனையில் எவர்சில்வரைக் கட்டாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் கரையும். ஹைட்ரஜன் வெளிவருமாதலால் திறந்த வெளியில் வையுங்கள். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை இதில் போடாதீர்கள். அது நொறுங்கும் தன்மை பெறும்.

வைஸின் உடலில் பிரஷ் எட்டாத குழிகள் இருந்தன. அங்கே உதவியது கடுக்காய்! நண்பர் ஒருவருக்கு அவர் தாயார் வயிற்றுக்கோளாறுக்கென அனுப்பியிருந்த பொடியைக் காய்ச்சி வடித்துத் தடவினோம். எஞ்சிய துரு கறுத்து இறுகியது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்து கருமையாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை காய்ச்சிய நம் முன்னோர் கண்ட அதே கருமைதான். (அத்தாயார் இவ்விதழைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறோம்.)

பழைய வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான வண்ணங்களில் ஈயம் 10 இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று நம் நாட்டில் விதி வகுத்ததே 2016-இல்தான். தொழிற்சாலை வண்ணங்கள் அவ்விதிக்குள் வரவில்லை. நம் எந்திரங்களோ அதற்கும் வெகு முந்தியவை. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது ஈயத்தை மூச்சில் இழுப்பதாகும். நாங்கள் நீர்விட்டே தேய்த்தோம், முகமூடியும் அணிந்தோம்.

தேய்த்த இரும்பை நன்றாகத் துடைத்து வெயிலில் வைத்தோம். ஈரம் இருந்தால் கண்ணெதிரே மஞ்சள் பூக்கும். அன்றே பிரைமர்; பிறகு மெல்லியதாக இரண்டு பூச்சு எனாமல், ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. தாடைகளுக்கும் திருகுக்கும் எண்ணெய் மட்டும். நான்கு பிற்பகல் உழைப்பு. வைஸ் இப்போது ஒரு விரலால் சுழல்கிறது.

“தில்லி இரும்புத் தூணைப் பார், பூச்சே இன்றி 1600 ஆண்டு நிற்கிறதே!” என்று ஒரு வரலாற்று மாணவர் என்னை மடக்கினார். நிற்கிறது, உண்மை. அதன் இரும்பில் பாஸ்பரசு மிகுதி. அதனால் மேற்பரப்பில் உருவான பாஸ்பேட்டுப் படலம் அதைக் காக்கிறது என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து காட்டினார். நம் வைஸ் அந்த இரும்பு அன்று. பெருமை பேசினால் அதற்குப் பாஸ்பரசு ஏறாது.

வேறொரு நண்பர் கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது. “இதெல்லாம் நம் வேலையா? இதற்கென்று ஆள் இல்லையா?” என்றார். கை அழுக்காகும் வேலைக்கென்று தனியாக மனிதர் பிறந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்தும் நம்மைவிட்டுப் போகவில்லையே! எந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவன் அதை வடிவமைக்கப்போகிறானாம்! எங்கே எண்ணெய் செல்கிறது, எந்த முகம் தேய்கிறது என்பதை நான்கு பருவங்களின் வரைபடத் தாள்களில் கற்றதைவிட அந்த நான்கு பிற்பகல்களில் நான் அதிகம் கற்றேன். ஆகவே பட்டறைப் பாடத்தில் இதற்கு ஒரு பயிற்சியும் மதிப்பெண்ணும் ஒதுக்குமாறு துறைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பூசும் நாளைக் குழுவின் வருகை முடிவு செய்யாமல் வானிலை முடிவு செய்யவேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறோம். கையெழுத்திட வேண்டுவோர் சங்க அறைக்கு வரலாம்.

விடை வரும்வரை காத்திருக்கப்போவதில்லை. சனவரி மூடுபனி விலகட்டும். பிப்ரவரியின் இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்குப் பட்டறை திறந்திருக்கும், மிஸ்திரி ஒப்புக்கொண்டார். இன்னும் 11 வைஸ்கள் உள்ளன. கலைத்துறையினரும் வரலாம், வரலாற்று நண்பர் உட்பட. பழைய சட்டையும், கிழிந்த வேட்டி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். துடைப்பதற்கு அதைப்போன்ற துணி இங்கே கடைகளில் கிடைப்பதில்லை.