கந்தகம் யாரோடு கைகோத்திருக்கிறது?

பெருங்காய டப்பாவைத் திறந்தால் ஒரு வாசனை. பூண்டை நசுக்கினால் இன்னொரு வாசனை. கெட்டுப்போன முட்டை உடைந்தாலோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறோம். மூன்றிலும் வேலையைக் காட்டுவது ஒரே தனிமம்தான்... கந்தகம்! தனிமம் ஒன்று, வாசனை மட்டும் ஏன் வேறு வேறு? கந்தக அணு எந்தெந்த அணுக்களோடு கைகோத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடுகிறது.

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயிலும் இதே கதைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களும் பாசிகளுமே எண்ணெயாக மாறின. அந்தச் சேற்றில் வாழ்ந்த பாக்டீரியாக்கள், கடல்நீரில் இருந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றின. அந்தக் கந்தகம் எண்ணெயிலும் ஏறிக்கொண்டது. கந்தகம் சுமார் அரை சதவிகிதத்துக்குள் இருந்தால் ‘இனிப்பு’ எண்ணெய், அதற்கு மேல் போனால் ‘புளிப்பு’ எண்ணெய் என்பது எண்ணெய்ச் சந்தையின் பாஷை.

எரிபொருளோடு சேர்ந்து கந்தகமும் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். நுரையீரலைப் பதம் பார்க்கும்; மழைநீரை அமிலமாக்கும்; வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியையும் கெடுக்கும். அதனால்தான் 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ்-6 எரிபொருள் வந்தது. ஒரு கிலோ டீசலில் 50 மில்லிகிராம் வரை இருந்த அனுமதி 10 மில்லிகிராமாகக் குறைந்தது. அதாவது, நூறு கிலோ டீசலில் ஒரே ஒரு கிராம் கந்தகம்!

இவ்வளவு சுத்தமாக எப்படி எடுக்கிறார்கள்? சுத்திகரிப்பு ஆலையில் அதிக சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். கோபால்ட், மாலிப்டினம் கலந்த வினையூக்கி உதவியோடு, கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கழன்று வரும். ஆனால், எல்லாக் கந்தகமும் ஒரே மாதிரி வராது. ‘சல்ஃபைடு’ வகை சீக்கிரம் கழன்றுவிடும். நான்கு கார்பன் அணுக்களோடு வளையமாகக் கைகோத்து நிற்கும் ‘தையோஃபீன்’ வகை லேசில் விடாது. ஆகவே, எவ்வளவு கந்தகம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வகை எவ்வளவு என்றும் தெரிய வேண்டும்.

லேசான எண்ணெயை ஆவியாக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம். அடியில் தங்கும் தார் போன்ற ‘ஆஸ்பால்ட்டீன்’ ஆவியாகாது. சூடேற்றினால் சிதைந்துபோகும். சிதைந்த பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது?

இங்கேதான் எக்ஸ் கதிர் கைகொடுத்தது. எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வட்டமடிக்க வைக்கும் ‘சின்க்ரோட்ரான்’ என்ற பிரமாண்ட இயந்திரத்திலிருந்து, வேண்டிய ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிரை மட்டும் பிரித்தெடுக்கலாம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். சுமார் 2,472 எலெக்ட்ரான் வோல்ட்டை நெருங்கியதும் கந்தகம் அந்தக் கதிரைச் சட்டென்று விழுங்கத் தொடங்கும். கார்பனும் ஹைட்ரஜனும் அங்கே அப்படித் துள்ளாது. கூட்டத்தில் ஒருவர் பெயரை மட்டும் கூப்பிட்டு, கை தூக்கச் சொல்வதுபோல!

விழுங்கும் இடம் துல்லியமாக எது என்பதுதான் துப்பு. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், அது கந்தகத்தின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பவற்றைக் கந்தகம் இறுகப் பிடித்துக்கொள்ளும். அவற்றைக் கிளப்பக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சல்ஃபேட்டுக்கு இது சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் தள்ளியே வரும். ஆனால், சல்ஃபைடுக்கும் தையோஃபீனுக்கும் இடையே இருப்பது மயிரிழை வித்தியாசம்தான்.

அந்த மயிரிழையைப் பிடித்தவர்கள் கிரஹாம் ஜார்ஜ், மார்ட்டின் கோர்பாட்டி. அமெரிக்காவின் எக்ஸான் நிறுவன விஞ்ஞானிகளான இவர்கள், இந்த ஆய்வை 1989-ல் வெளியிட்டார்கள். கலவை தெரிந்த மாதிரிகளை முதலில் அளந்தார்கள். வரைபடத்தின் வளைவுகளைக் கணித முறையில் கூர்மையாக்கி, இரண்டு வகைகளையும் அடையாளம் கண்டார்கள். பிறகு ஆஸ்பால்ட்டீனைச் சிதைக்காமல், அதில் எந்த வகை எவ்வளவு என்று தோராயமாகக் கணக்கிட்டார்கள்.

இந்த முறை ஒவ்வொரு மூலக்கூறின் பெயரையும் சொல்லாது. எந்தக் குடும்பம், எத்தனை பங்கு என்றுதான் சொல்லும். ஆனாலும், ஓர் எண்ணெயைச் சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கணிக்க அது பெரிய உதவி.

சரி, கழற்றிய கந்தகம் என்ன ஆகும்? மஞ்சள் கட்டியாக மாறி, கந்தக அமிலமாகி, பெரும்பகுதி உரத் தொழிற்சாலைக்குப் போகிறது. கடலடிச் சேற்றில் பாக்டீரியா பிடித்துவைத்த கந்தகம், இன்று ஏதோ ஒரு பூண்டு வயலுக்கு உரம் வழியே வந்து சேரலாம். அடுத்த முறை பூண்டு உரிக்கும்போது முகர்ந்து பாருங்கள்!