பத்மாவதியின் பொறுமை



விழுப்புரம் ஈன்ற கணேசன் சங்கிலி குலுங்க அரசவைக்கு இழுத்து வரப்படுகிறார். குற்றம் யாதெனக் கேட்டு, மன்னனையே மறுமொழியற்றவன் ஆக்குகிறார். கலைஞரின் உரையாடலில், எல்.வி. பிரசாத் இயக்கத்தில் 1954-இல் வெளிவந்த 'மனோகரா' அது. பதினைந்து வயதில் திண்டிவனத்தில் அப்படத்தைக் கண்டவன் நான். கல்லூரியைப் பாதியில் துறந்த எனக்கு மேடை கிடைத்தது, அவ்வரசவைக் காட்சியை அடி பிறழாது முழங்கியதால்தான்!

சென்ற திங்கள் விழுப்புரத்தில் மீண்டும் பார்த்தேன். இம்முறை என் கண்கள் கணேசனை விட்டுக் கண்ணாம்பாவையே தொடர்ந்தன.

கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது. கனல் மட்டுமே நம்முடையது. அக்கதையில் மகனின் கையைக் கட்டியது மன்னனின் சங்கிலியா? இல்லை, தாய் வாங்கிய வாக்குறுதி! ஆசைநாயகியிடம் அறிவை அடகு வைத்த கணவனின் மானம் காக்க, ஆண்டுக்கணக்கில் அவமானத்தை விழுங்குகிறாள் பத்மாவதி. இறுதியில் அவள் ஆணையிட்ட பிறகே சிங்கம் சீறுகிறது. நாம் கைதட்டுகிறோம். அதுவரை அவள் வாய்மூடிக் கிடந்ததைக் கற்பென்று போற்றவும் செய்கிறோம்! வசந்தசேனை மீது கல்லெறியத் துடிக்கும் கை, அவளிடம் செங்கோலை நீட்டிய கொற்றவன் பக்கம் திரும்புவதே இல்லை.

பெண்ணுக்கு ஆணோடு சம சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டு மாநாடு முழங்கியது 1929-இல். அம்முழக்கம் சட்டமானது 1989-இல், அதே கலைஞரின் ஆட்சியில். திரையில் பத்மாவதிக்கு வாய் தந்த பேனா, கோட்டையில் அவள் மகளுக்குப் பங்கும் தந்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு, நிறைவு இல்லை.

காரணம் கேளுங்கள். உள்ளாட்சியில் மகளிர்க்குப் பாதி இடம் என 2016-இல் சட்டம் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. வென்றவர் மனைவி, சுவரொட்டியில் பெரிதாகச் சிரித்தவர் கணவர்! தலைவி கையெழுத்திட, 'தலைவர்' என்று ஊரார் அழைத்ததோ அவரை. நம் தோழர்களிலும் அத்தகையோர் உண்டு. மறுப்பதற்கில்லை. அவர்களே மேடையேறி மனோகரன் வசனத்தை மழையாய்ப் பொழிந்ததையும் கேட்டேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த தலைவியிடம் ஒலிபெருக்கி போகவே இல்லை.

நாடகம் எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்மாவதியை முதற்காட்சியிலேயே பேச விடுங்கள். கிளைச் செயலாளர்களுக்கு ஒன்று: அடுத்த கூட்டத்தில் அந்தத் தலைவியை முதலில் பேச அழையுங்கள். கணவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்!