கடன் தரும் சங்கம் போதுமா? விற்றுத் தரும் சங்கம் எங்கே?



கடையில் தக்காளி வாங்க நீங்கள் 100 ரூபாய் கொடுக்கிறீர்கள். அதில் விளைவித்தவர் கைக்குப் போவது எவ்வளவு தெரியுமா? வெறும் 33 ரூபாய்! வெங்காயத்தில் 36 ரூபாய். உருளைக்கிழங்கில் 37 ரூபாய். மேடையில் யாரோ அளந்துவிட்ட கணக்கல்ல இது. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள் சொன்ன கணக்கு.

"மிச்சத்தை எல்லாம் வியாபாரி தின்றுவிட்டான்" என்று உடனே சிலர் விரல் நீட்டுவார்கள். நம்மில் பலர் மண்டி வைத்திருப்பவர்கள். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அழுகல், கடை வாடகை எல்லாம் அந்த 67 ரூபாய்க்குள்தான் அடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்த இன்னொன்றும் இருக்கிறதே! விதைக்கும்போதே முன்பணம் வாங்கிவிட்டவர் அறுக்கும்போது வாய் திறந்து விலை பேச முடியுமா? பத்து மூட்டையோடு வந்து நிற்பவர், "இந்த விலைக்குக் கட்டாது" என்று சொல்லிச் சரக்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர் கூட இல்லை! உரம் வாங்கும்போது கடைக்காரர் சொல்வது விலை. விளைச்சலை விற்கும்போது வாங்குபவர் சொல்வது விலை. தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாத ஒரே வியாபாரி இந்த நாட்டில் விவசாயிதான்!

தனி ஆளாக நிற்கும்வரை இந்த நிலை மாறாது. நூறு பேர் சேர்ந்தால் மாறும். அதற்குத்தான் கூட்டுறவு. நமக்கு இது புதிதா? 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பிறந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் சுமார் 4,450 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன.

இத்தனை சங்கங்களும் என்ன செய்கின்றன? கடன் தருகின்றன. உரம் தருகின்றன. ரேஷன் கடை நடத்துகின்றன. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விளைந்ததை விற்றுத் தரும் வேலையை எத்தனை சங்கங்கள் செய்கின்றன?

2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. கைதட்டினோம். இத்தனை லட்சம் பேர் ஏன் கடனாளியானார்கள் என்று யோசித்தோமா? புயலும் வெள்ளமும் ஒரு காரணம். நல்ல விளைச்சல் கண்ட வருடத்திலும் விலை கிடைக்காமல் போனது இன்னொரு காரணம். விலைக்கு வழி செய்யாமல் கடனை மட்டும் தள்ளுபடி செய்வது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்!

குஜராத்தைப் பாருங்கள். கேடா மாவட்டத்துப் பாலைப் பால்சன் என்ற ஒரே நிறுவனம் வாங்கி பம்பாய்க்கு அனுப்பி வந்தது. அது சொன்னதே விலை. விவசாயிகள் பாலை ஊற்ற மறுத்தார்கள். 1946ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தங்களுக்கென்று சங்கம் பதிந்தார்கள். அதுதான் அமுல்! இன்று சுமார் 36 லட்சம் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் 80 பைசாவுக்கும் மேல் பால் ஊற்றியவருக்கே போகிறது என்கிறது அமுல். இதைச் சாதித்தது கடன் அல்ல. சேர்த்து, பதப்படுத்தி, தாங்களே விற்றதுதான்!

"பால் வேறு, பயிர் வேறு" என்று சிலர் கேட்கலாம். நம் திருச்செங்கோட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தியும் மஞ்சளும் ஏலத்தில் விற்கின்றன. வெளியூர் வியாபாரிகள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

"சங்கம் என்றாலே ஊழல்" என்பார்கள். 2021ல் நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்கெடுத்தபோது, போலி நகை வைத்துக் கடன் வாங்கிய கதையெல்லாம் வெளிவந்தது உண்மை. கேட்கிறேன், அதுவரை உறுப்பினர்கள் எங்கே போயிருந்தார்கள்? ஜமாஅத் கணக்கில் ஐந்நூறு ரூபாய் உதைத்தால் பள்ளிவாசலில் எழுந்து நின்று கேட்கிறோம். சங்கத்தில் கிடப்பதும் அமானிதம்தானே! அங்கே மகாசபைக் கூட்டத்துக்குப் போனதுண்டா? 2018ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டு 2023ல் முடிந்து, அதிகாரிகள் கைக்கு நிர்வாகம் போனது. எத்தனை உறுப்பினர்கள் "எங்கள் தேர்தல் எங்கே?" என்று கேட்டார்கள்? வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனை மட்டும் திட்டி என்ன பயன்?

"சங்கம் வலுத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?" என்பது வணிகச் சகோதரர்களின் கேள்வி. நேர்மையான வியாபாரிக்கு ஒரு நட்டமும் இல்லை! ஐம்பது தோட்டம் ஏறி இறங்காமல், தரம் பிரித்து, எடை போட்ட சரக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். முன்பணம் கொடுத்துவிட்டு அது வருமா என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. அதோடு, விவசாயி கையில் காசு இருந்தால்தான் நம் ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் கூட்டம் இருக்கும். பயப்பட வேண்டியவர் எடைக்கல்லில் கை வைப்பவர் மட்டுமே!

இளைஞர்களே! பி.காம் படித்துவிட்டு வேலை தேடி அலைகிறீர்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் வரவு செலவை ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். குடும்பத்துக்கு நிலம் இருந்தால் உறுப்பினராகுங்கள். அங்கே ஒரு சென்ட் நிலமுள்ளவருக்கும் ஓர் ஓட்டு, பண்ணையாருக்கும் ஓர் ஓட்டு. கூட்டத்தில் எழுந்து மூன்றே கேள்வி கேளுங்கள்: நம் விளைச்சலைச் சேர்த்து வைக்கக் கிடங்கு எங்கே? சரக்கைக் கொண்டுவந்தவுடன் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து, விற்றபின் மீதியைக் கொடுக்க ஏற்பாடு எங்கே? முறையான தேர்தல் எப்போது?

பதில் வரும்வரை உட்காராதீர்கள். சங்கம் அதிகாரியின் சொத்தல்ல, ஆளுங்கட்சியின் சொத்தல்ல. உறுப்பினரின் சொத்து. உரியவர் கேட்காத சொத்து ஊரான் கைக்குத்தான் போகும்!