வீரவணக்கங்களுக்கு அப்பால் ஒரு சட்டம் வேண்டும்

ஆண்டுதோறும் மே மாத நடுப்பகுதியில் இந்த நாடு இரண்டாகப் பிரிந்து நின்று தன் இறந்தோரை நினைவுகூருகிறது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சப்பட்டுச் சுடர் ஏற்றப்படுகிறது. மறுநாள் பத்தரமுல்லையில் படைவீரர் நினைவுத்தூபியின் முன் அரச மரியாதைகள் இடம்பெறுகின்றன. நவம்பர் 27 வந்தால் துயிலும் இல்லங்களில் மக்கள் கூடுகின்றனர். இறந்தவர்களுக்குச் செலுத்தும் மரியாதையில் எத்தரப்பும் தன்னவர்களுக்குக் குறை வைக்க விரும்புவதில்லை. ஆனால் போரிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்ற கேள்வி எழும்போது இரு தரப்பின் குரலும் தாழ்ந்துவிடுகிறது.

போர் முடிந்தது 2009இல். அதன் பின்னர் பல அரசாங்கங்கள் வந்து போயின. படைவீரர்களின் பெயரால் தேர்தல்களில் வென்றவர்கள் உண்டு. போராளிகளின் தியாகத்தின் பெயரால் பாராளுமன்றம் சென்றவர்களும் உண்டு. எனினும், போரினால் உடலையும் வாழ்வையும் இழந்து திரும்பியவருக்கு, எவரிடமும் கையேந்தாமல் தன் உரிமையெனக் கேட்டுப் பெறக்கூடிய முழுமையான சட்டமொன்றை இந்நாட்டின் சட்டவாக்க சபை இயற்றவில்லை. இக்கட்டுரையின் குற்றச்சாட்டு இதுவே.

சட்டமே இல்லையா எனச் சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ரணவிரு சேவா சட்டம் இருக்கிறது. அங்கவீனமுற்ற படையினரின் புனர்வாழ்வையும், உயிரிழந்த, காணாமற்போன படையினரது குடும்பங்களின் நலனையும் கவனிக்க அச்சட்டத்தின் கீழ் ஓர் அதிகாரசபை நிறுவப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால், அதிகாரசபை ஒன்றை அமைப்பது வேறு. உரிமை ஒன்றை அளிப்பது வேறு. முன்னதில், சபைக்கு நிதி வந்தால் உதவி வரும். பின்னதில், உதவி வராவிட்டால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். படையினரின் ஓய்வூதியமும் அங்கவீனக் கொடுப்பனவும் விதிக்கோவைகளாலும் சுற்றறிக்கைகளாலும் நிர்ணயிக்கப்படுபவை. சுற்றறிக்கையை ஒரு செயலாளர் எழுதலாம்; இன்னொருவர் திருத்தலாம்.

இதன் விளைவை 2016 நவம்பரில் கொழும்பு கோட்டையில் கண்டோம். பன்னிரண்டு ஆண்டு சேவையை நிறைவு செய்யுமுன் காயமடைந்து விலக நேர்ந்த படையினர், ஓய்வூதியம் கோரி ஜனாதிபதி செயலகத்தின் முன்பாகப் போராடினர். போர்க்களத்தில் குண்டு பாய்ந்தபோது அவர்களிடம் எத்தனை ஆண்டு சேவை என்று எவரும் கேட்கவில்லை. ஓய்வூதியம் என்று வந்தபோது மட்டும் ஆண்டுக் கணக்கு பார்க்கப்பட்டது. செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் வந்தவர்களைக் கலைக்கப் பொலிஸார் நீர்த்தாரையைப் பயன்படுத்தினர். பாராளுமன்றத்தில் விவாதித்து முடிவு செய்திருக்க வேண்டிய விடயம் வீதிக்கு வந்தால் இப்படித்தான் முடியும்.

இத்தகைய காட்சியை வோஷிங்டனும் 1932இல் கண்டது. முதலாம் உலகப்போரில் பங்குகொண்டோருக்கு அமெரிக்க காங்கிரஸ் 1924இல் ஒரு கொடுப்பனவை அங்கீகரித்தது. ஆனால் அதனை முழுமையாகப் பெற 1945 வரை காத்திருக்க வேண்டும் என்றது. பெருமந்தத்தில் வேலையிழந்து பட்டினி கிடந்த அம்மனிதர்கள் தலைநகரில் கூடாரமடித்து, பணத்தை உடனே தருமாறு கேட்டனர். ஜெனரல் மக்ஆர்தரின் தலைமையில் குதிரைப்படையும் தாங்கிகளும் சென்று அவர்களை விரட்டின. அந்த அவமானம் அமெரிக்க அரசியல்வாதிகளின் மனதில் தங்கியிருந்தது. அடுத்த போரிலிருந்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்ற அச்சமும் சேர்ந்தது. விளைவு, 1944 ஜூன் 22இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மீள்வாழ்வுச் சட்டம். நோர்மண்டியில் படைகள் தரையிறங்கி அப்போது பதினாறு நாட்களே ஆகியிருந்தன, போர் முடிந்திருக்கவில்லை.

அச்சட்டத்தின் சிறப்பு அதன் தாராளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தொகைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. வேலையற்றோருக்கு வாரம் 20 டொலர், 52 வாரங்கள் வரை. கல்விக்கு ஆண்டுக்கு 500 டொலர் வரை. தொண்ணூறு நாள் சேவையும் அவமானகரமாக விலக்கப்படாமையும் அடிப்படைத் தகுதிகள். எழுபத்தெட்டு இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றவர்கள்.

எனினும், அந்தச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. அதன் நடைமுறை உள்ளூர் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் விடப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் உத்தரவாதமளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு மட்டுமே. அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட இரண்டரை இலட்சம் பிலிப்பினோக்களின் சேவையை, உரிய சலுகைகளுக்கான சேவையாகக் கொள்ள முடியாதென 1946இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் அறிவித்தது. உயிரோடு எஞ்சிய முதியவர்களுக்கு ஓர் ஒற்றைத் தொகை கிடைக்க 2009 வரை, அதாவது 63 ஆண்டுகள், செல்ல வேண்டியிருந்தது. யார் படைவீரர், யார் அல்லர் என்று வரையறுக்கும் வாசகத்தில்தான் இத்தகைய சட்டங்களின் நீதியும் அநீதியும் ஒளிந்திருக்கின்றன.

இலங்கையில் அந்த வரையறையின் வெளியே நிற்பவர்கள் யார் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சரணடைந்த அல்லது கைதான சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களினூடாக வெளியே வந்தனர். அவர்களைப் பற்றிய ஏற்பாடுகள் முதலில் அவசரகால விதிகளில் இருந்தன. அவசரகாலச் சட்டம் 2011இல் நீங்கியபோது பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளுக்கு மாறின. பின்னர் 2022இல் கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் ‘முன்னாள் போராளிகள்’ என்ற சொல் இடம்பெற்றது. அவர்களுக்கு உரிமை வழங்குவதற்காகவா? போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுடனும் வன்முறைத் தீவிரவாதிகளுடனும் ஒரே பட்டியலில் அவர்களைச் சேர்ப்பதற்காக! அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன் பின்னரே அச்சொல் நீக்கப்பட்டு, 2023இல் அது சட்டமாக நிறைவேறியது.

ஆக, ஒரு சாராரைப் புகழ்ந்து காக்க வைத்திருக்கிறோம். மறு சாராரைச் சந்தேகித்துக் காக்க வைத்திருக்கிறோம். முதுகெலும்பில் குண்டுச்சிதறலோடு படுத்திருப்பவருக்கு இவ்விரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு தெரியப் போவதில்லை.

பயங்கரவாதிகளுக்கு ஓய்வூதியமா என்று தெற்கில் கேட்பார்கள். போர்க்குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்துக்காகத் தமிழன் பேசுவதா என்று வடக்கில் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். குற்றம் இழைத்தவர் எத்தரப்பினராயினும் விசாரிக்கப்பட வேண்டும். நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்டால் சலுகையை இழக்க வேண்டும். இதனைச் சட்டத்திலேயே எழுதலாம். ஆனால் குருநாகலிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வறுமையின் காரணமாகப் படையில் சேர்ந்த இளைஞனையும், வன்னியில் வீட்டுக்கொருவர் என்று பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையையும், விசாரணையே இன்றி வாழ்நாள் முழுவதும் தண்டிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இது வீரத்துக்கான பரிசு பற்றிய பேச்சு அல்ல. போரினால் அங்கவீனமான ஒரு பிரஜைக்கு அரசு செலுத்த வேண்டிய கடன் பற்றிய பேச்சு.

இத்தகைய சட்டம் எங்கும் இயற்றப்பட்டதில்லை என்று சொல்லவும் இடமில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபின், வென்ற பிராங்கோவின் ஆட்சி தன் பக்கத்து ஊனமுற்ற வீரர்களுக்குக் கௌரவமும் ஓய்வூதியமும் வேலையும் வழங்கியது. தோற்ற குடியரசுத் தரப்பினருக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது. ஜனநாயகம் திரும்பிய பின்னர், குடியரசுப் பகுதியில் போரிட்டு ஊனமுற்றோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டத்தை ஸ்பானிய பாராளுமன்றம் 1980இல் இயற்றியது. குடியரசின் படைகளில் பணியாற்றியோரின் சேவையை அங்கீகரிக்கும் சட்டம் 1984இல் வந்தது. அதனால் ஸ்பெயின் பிளவுபடவில்லை.

நமது சட்டப் புத்தகத்திலும் இதற்கான சிறு வித்து இருக்கிறது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவிய 2016ஆம் ஆண்டின் சட்டம், காணாமலாக்கப்பட்ட பொதுமக்களையும் போரில் காணாமற்போன படையினரையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. அந்த அலுவலகத்தின் செயற்பாடு பற்றி எனக்குக் கடும் விமர்சனம் உண்டு. ஆனால் இரு தாய்மாரின் துயரத்தை ஒரே வாசகத்தில் எழுத முடியும் என்பதை அச்சட்டம் காட்டியது. காணாமற்போனோருக்கு எழுத முடிந்ததை, திரும்பி வந்தோருக்கு எழுத முடியாதா?

அவ்வாறான சட்டத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சீருடையை அன்றிக் காயத்தை அடிப்படையாகக் கொண்ட வரையறை வேண்டும். இன்ன பாதிப்புக்கு இன்ன தொகை என்ற அட்டவணை, வாழ்க்கைச் செலவோடு உயரும் ஏற்பாட்டுடன் இணைக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யச் சுயாதீனமான சபை வேண்டும். விண்ணப்பத்தில் தரும் தகவல்கள் புலனாய்வுப் பிரிவினரின் கைக்குச் செல்லாதென்ற உத்தரவாதம் வேண்டும். அது இல்லையேல் வடக்கு கிழக்கில் ஒருவர்கூட விண்ணப்பிக்க மாட்டார்.

கைவிடப்பட்டவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு 2024 விடை தந்தது. இந்நாட்டின் ஓய்வுபெற்ற படையினர் நூற்றுக்கணக்கில் ஆட்கடத்தல்காரரின் வாக்குறுதியை நம்பி ரஷ்ய, உக்ரேனியப் போர்முனைகளுக்குச் சென்ற செய்தி அம்பலமானது. பலர் அங்கேயே மாண்டனர். ‘ரணவிரு’ என்று நாம் கொண்டாடியவர்கள், பிறர் நாட்டுப் பதுங்குகுழியில் கூலிக்குச் சாகும் நிலைக்கு வந்தார்கள். வடக்கில், மாவீரர் நாளில் உருகிப் பேசும் பிரமுகர்களும், சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் போராளியின் கதவைப் பெரும்பாலும் தேர்தல் காலத்திலேயே தட்டுகிறார்கள்.

தனிநபர் சட்டமூலம் கொண்டுவரும் உரிமை ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் உண்டு. வடக்கிலிருந்து ஒருவரும் தெற்கிலிருந்து ஒருவரும் சேர்ந்து இதனை முன்வைத்தால் அரசாங்கம் பதில் சொல்லியே ஆகவேண்டும். எதிர்த்து வாக்களிப்பவர் தன் பெயரோடு எதிர்க்கட்டும், ஹன்சாட்டில் பதிவாகட்டும்.

ஸ்பெயினில் தோற்ற தரப்பின் ஊனமுற்றவருக்குச் சட்டம் வர 41 ஆண்டுகள் பிடித்தன. அதே வேகத்தில் நாமும் சென்றால் அது 2050ஆக இருக்கும். 1990களில் ஆனையிறவிலும் மணலாற்றிலும் காலை இழந்த இருபது வயதினர், அப்போது எண்பதை நெருங்கியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த மே மாத உரையை எழுதத் தொடங்குமாறு பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.